உங்களுக்குத் தெரியுமா? கரிசல் முடியும் இடத்தில் ஒரு கடலடி

எட்டயபுரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்தான். பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய். இவை இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். ஆனால் தூத்துக்குடி சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் கடல் வந்துவிடும். விளாத்திகுளம் வழியாக வேம்பாருக்குப் போனாலும் கடல்தான். அலையைப் பார்க்கிறோம், காலை நனைக்கிறோம், கருவாடு வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த அலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கரீபியன் தீவுகளில் ஸ்கூபா டைவிங் செய்து எடுத்த வண்ணப் படங்களைக் கைப்பேசியில் பார்த்து வியக்கிறோம். நம் வாசலில் உள்ள கடலடியைப் பற்றியும் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்வோமே.

● தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே, கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. இவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தெற்காசியாவில் கடலுக்கென்று அமைந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுதான்.

தீவுகளின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான்தீவு, முயல்தீவு, குருசடை. கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருமா, உப்புத் தண்ணீர் வருமா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கரிசல்காட்டுச் சம்சாரிக்கு முதல் இரண்டு பெயர்களின் அருமை உடனே புரியும்.

● பவளப்பாறை கல் அல்ல, செடியும் அல்ல. நுண்ணிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டும் வீடு அது. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவள உயிரினங்கள் பதிவாகியுள்ளன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஸ்கூபா கட்டி இறங்கி, தீவு தீவாகப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

● நவரத்தினத்தில் வரும் சிவப்புப் பவளம் இந்தப் பாறையிலிருந்து கிடைப்பதில்லை. அது மத்தியதரைக் கடல் சரக்கு. 2,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கே இருந்து வந்த கப்பல்கள் முசிறியில் பவளத்தை இறக்கின என்று செங்கடல் பயணக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்கிறது. பவளம் வந்தது, முத்து போனது.

● அதே பெரிப்ளஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிக்கக் கடலில் இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஒவ்வொரு முத்துமாலைக்கும் பின்னால் மூச்சடக்கிய ஒரு மனிதன் இருந்தான். அன்று துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது.

● சிலிண்டர் இல்லாத காலத்தில் எப்படி இறங்கினார்கள்? கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லின் பாரத்தோடு கடகடவென்று அடிக்குப் போய்விடுவார்கள். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். குளிப்பவர் இடுப்பிலோ கழுத்திலோ தொங்கும் வலைப்பையில் சிப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது இன்னொரு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துத் தூக்கவேண்டும். 15, 18 மீட்டர் ஆழத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் முன்பின். இப்படி நாளெல்லாம் மாறி மாறி.

கயிறு பிடிப்பவர் குளிப்பவருக்கு மச்சானாக இருக்கவேண்டும் என்பது இந்தக் கரையில் இன்றும் சொல்லப்படும் பேச்சு. கயிறு கைநழுவினால் தாலி இழப்பவள் அவன் உடன்பிறந்தவள். அதைவிட உறுதியான பிடிமானம் வேறென்ன வேண்டும்? இந்தச் சங்கதிகளிலேயே என் மனதில் ஆழமாகத் தங்கியது இதுதான். இன்றைய ஸ்கூபா பயிற்சியிலும் முதல் பாடம், துணையில்லாமல் இறங்காதே என்பதே.

● சுறாவை எப்படிச் சமாளித்தார்கள்? அதற்கென்றே மந்திரம் சொல்பவர்களைப் படகில் கூட்டிப் போனார்கள். தமிழில் அவர்களுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். கடலைக் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் 20ல் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலியாகப் போனது என்று எழுதியிருக்கிறார்.

● கரிசல்காட்டில் நிலத்துக்கு நிலம் பெயர் இருப்பதுபோல, கடலுக்கடியிலும் இடத்துக்கு இடம் பெயர் உண்டு. முத்துச்சிப்பி விளையும் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள ஒரு பாருக்குத் தொள்ளாயிரம் பார் என்று பெயர். கண்ணால் பார்க்க முடியாத தரையை, ஈயக்குண்டு கட்டிய கயிற்றாலும் மூச்சாலும் அளந்து, பெயர் வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் பரதவர்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் எழுத்தில் ஏறவேண்டும். கரிசல் சொற்களுக்கு அகராதி போட்ட இடைசெவல் கி. ராஜநாராயணனைப்போல ஒருவர் கடலடிச் சொற்களுக்கும் வரவேண்டும்.

● தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961ல். அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. விளாத்திகுளம் பக்கத்துக் கடற்கரையான வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் 1973ல் சிப்பிக்குள் செயற்கையாகக் கரு வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஜப்பான் பல்லாண்டுகளாகத் தன் கைக்குள் வைத்திருந்த கலை அது. 1981ல் சிப்பிக் குஞ்சுகளையே பண்ணையில் பொரிக்க வைத்தார்கள்.

● எட்டயபுரத்துக்கும் முத்துக்குளிக்கும் கடலுக்கும் இலக்கிய உறவு உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுர அரண்மனைப் புலவர். அவர் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான். அவரைச் சீறா பாடச் சொல்லி ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரை மரைக்காயர், கப்பல் வணிகர். முத்தும் சங்கும் குளிப்பவர்களுக்குப் பேர்போன ஊர் கீழக்கரை.

● சங்கு குளிக்கும் தொழில் இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறது. இந்தக் கடலில் எடுத்த சங்குதான் வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கைவளையாகிறது. சென்னை மாகாணத்தில் முத்து, சங்குத் துறையைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இப்போது பலர் கல்லைக் கட்டி இறங்குவதில்லை. படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியாக வரும் காற்றை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நெடுநேரம் அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் அடைத்துக்கொள்ளும். கைகால் விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். சோடா பாட்டிலை உடைத்ததும் பொங்குகிறதே, அதுதான் உடம்புக்குள் நடக்கிறது. ஆழமும் நேரமும் காட்டும் கருவியும் முறையான பயிற்சியும் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கின்றன. தினமும் இறங்கும் தொழிலாளிக்கு அவை முதலில் கிடைக்கவேண்டும்.

● ஸ்கூபா சிலிண்டரை நாம் எல்லோரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றே சொல்கிறோம். அது தவறு. அதில் பொதுவாக அடைப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனைச் சுமார் 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அது நஞ்சாகி வலிப்பே வரும்.

● ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கவேண்டும். ஸ்கூபாவில் இறங்குபவர் ஒருபோதும் அடக்கக்கூடாது: அடியில் இழுத்த காற்று மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஒரே கடல், நேர்மாறான இரண்டு விதிகள்.

● கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற பொறியாளரும் 1943ல் உருவாக்கிய சுவாசக் கருவியிலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஸ்கூபா. கடலடிப் புகைப்படம் அதைவிட மூத்தது. 1893லேயே பிரான்ஸின் பன்யூல்ஸ் கரையில் லூயி பூதான் பெரிய உலோகப் பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலடியில் படமெடுத்தார்.

முதல் வண்ணப் படத்துக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரீபியனுக்கு வடக்கே, ஃபுளோரிடா முனையில் உள்ள டிரை டொர்டுகாஸ் தீவுகளில் லாங்லி என்ற விஞ்ஞானியும் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் சார்லஸ் மார்ட்டினும் சேர்ந்து எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள்? நீர்மேல் மிதக்கும் தெப்பத்தில் மக்னீசியப் பொடியைக் குவித்து, கேமரா திறக்கும் அதே நொடியில் வெடிக்கவைத்தார்கள். ஒருமுறை பொடி முன்கூட்டியே வெடித்து லாங்லி காயப்பட்டார். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பொடியின் வெளிச்சமும் தெரியும், அதன் ஆபத்தும் தெரியும்.

● அவ்வளவு வெளிச்சம் எதற்கு? தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டரிலேயே சிவப்பு மங்கும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். நம் ஊர்த் தறியில் நெய்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு 15 மீட்டர் இறங்கினால் அது கரிசல் மண் நிறத்தில் தெரியும். அடியில் விரலைக் கீறிக்கொண்டால் வழியும் இரத்தம்கூடச் சிவப்பாகத் தெரியாது. விளக்கோடு போகிற கேமராதான் அந்தப் பவளத்துக்கு அதன் சொந்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தான் என்ற கருத்தை மறுத்தவர் சி.வி. ராமன். 1921ல் இங்கிலாந்திலிருந்து நர்குந்தா கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலைப் பார்த்து எழுந்த கேள்வி அது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார்.

● முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கடலுக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பிடிபடாத மீன் எப்போதும் பெரிய மீன் என்பதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது.

● கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் கடலடிப் படம் எடுக்க நினைக்காதீர்கள். அதே தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கி, அடிமண்ணைக் கிளப்பிவிடும். கலங்கலில் ஃபிளாஷ் போட்டால் ஒவ்வொரு தூசியும் பனிபோல மின்னிப் படத்தைக் கெடுக்கும். புழுதி பறக்கும் கரிசல் ரோட்டில் முகப்பு விளக்கை முழுசாகப் போட்டால் எதிரே ஒன்றும் தெரியாதல்லவா, அப்படித்தான். அதனால் விளக்கைக் கேமராவுக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பார்கள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பும் காற்று அடங்கிய மாசி, பங்குனியை ஒட்டித்தான் நடந்தது. கேமரா கொண்டுபோகிறவர் கேட்கவேண்டியதும் அந்தப் பழைய பஞ்சாங்கத்தைத்தான்.

● கரீபியனில் பொனேர் என்று ஒரு தீவு. ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். கள்ளியும் முள்ளும் வெயிலும். தெற்கே பரந்த உப்பளங்கள். படத்தைப் பார்த்தால் தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கமோ என்று தோன்றும். பெரிய ஆறு எதுவும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டாததால் கடல் கண்ணாடிபோல இருக்கிறது. 1971ல் ஈட்டியால் மீன் குத்துவதைத் தடைசெய்தார்கள். 1979ல் தீவைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக்கினார்கள். கடலில் இறங்கும் இடங்களைக் காட்டச் சாலையோரக் கற்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். இறங்குபவர் செலுத்தும் கட்டணம் கடலைக் காக்கவே செலவாகிறது. வறண்ட மண் கடலை நம்பிப் பிழைத்துக்கொண்டது.

● இந்தப் பொனேர் முள்காட்டில் இயல்பாக வளரும் ஒரு மரத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதுதான் சீமைக்கருவேலம்! கரீபியனும் மெக்சிகோவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். 1877ல் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். இன்று விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் அதுதான் மூடியிருக்கிறது. கரிமூட்டம் போடுபவர்களுக்குப் பிழைப்பும் அதுதான்.

நம் பக்கத்திலிருந்து அவர்களுக்கு என்ன போயிற்று? இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளின் சிங்கமீன். வரிவரியாக, விசிறிபோலச் செட்டை விரித்து, விஷ முள்ளோடு திரியும் அழகான மீன். தொட்டியில் வளர்க்கக் கொண்டுபோனது கடலில் விடப்பட்டு, 1985ல் ஃபுளோரிடாப் பக்கம் தென்பட்டது. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. கடலடிப் படமெடுக்கப் போகிறவர்கள் அங்கே சிங்கமீனை வேட்டையாடவும் இறங்குகிறார்கள். ஊர் மாறிய உயிர் எதிரியாகிவிடும் என்பதற்கு எட்டயபுரத்துக்கும் பொனேருக்கும் ஒரே அனுபவம்.

● குருசடைத் தீவிலும் இது நடந்தது. வருமானத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, பவளப்பாறைமேல் படர்ந்து அதை மூச்சுத்திணற வைப்பதை 2008ல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

● திருக்கோணமலைச் சங்கதி ஒன்று. கோணேஸ்வரம் கோயிலை 1620களில் போர்த்துக்கீசியர் இடித்துச் சுவாமிமலைப் பாறையிலிருந்து கடலில் தள்ளினார்கள். 1956ல் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் ஸ்கூபாவும் கேமராவுமாக இலங்கைக்கு வந்தார்கள். கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டு படமெடுத்தார்கள். அடியில் கிடந்த ஒரு லிங்கத்தையும் வில்சன் கண்டெடுத்தார். அது பின்னர் கோயிலில் சேர்ந்தது. 1961ல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால், மூழ்கிய கப்பலில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்த குழுவிலும் அவர் இருந்தார். முதல் வண்ணச் சிங்களப் படமான 'ரன்முத்து தூவ' அவர் எடுத்ததுதான். அதன்பின் அந்த ஆங்கிலேயர் கேமராவை வைத்துவிட்டுக் கதிர்காமத்து முருகனடியாராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு 1995ல் மறைந்தார். கடலுக்குள் எதைத் தேடிப் போனாரோ, எது கிடைத்ததோ!

● இராமநாதபுரம் கடற்கரையில் பாரதிநகர் என்று ஓர் ஊர். அந்தப் பெயரைக் கேட்டால் எட்டயபுரத்துக்காரர் நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. அங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். சிலிண்டர் கிடையாது. முகக்கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணி, இடுப்பில் பை, அடக்கிய மூச்சு, அவ்வளவுதான். மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் அவர்களோடு கடலில் இறங்கி எடுத்த படங்களைப் பாரி இணைய இதழ் 2019ல் வெளியிட்டது. மீனையும் பவளத்தையும் மட்டுமே காட்டும் கடலடிப் படங்களுக்கு நடுவே, சேலைமேல் சட்டை போட்டுக்கொண்டு நீருக்குள் உழைக்கும் நம் பெண்களைக் காட்டிய படங்கள் அவை. பாம்பன் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. கடல் அழியாமல் எடுக்கவேண்டும் என்று நாள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

● ஆவுளியா தெரியுமா? கடற்பசுவுக்கு இந்தக் கரையின் பெயர். கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு. 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் காப்பகம்.

● 21 தீவு என்று மேலே சொன்னேன். உண்மையில் இரண்டு இப்போது நீருக்கு மேலே இல்லை. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல ஆண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்து எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் சுவர் போனது. தீவைக் கடல் தின்றது. கண்மாய்க் கரையை உடைத்துவிட்டு வயலைக் காப்பாற்ற முடியுமா?

வான்தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986ல் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் சேரத் தொடங்கியது. அந்தக் கான்கிரீட்டில் பவளமும் ஒட்டி வளர்கிறது, மீனும் குடியேறுகிறது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவை கடலடியில் எடுத்த படங்கள்தான்.

● கடல் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறுபோடும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா வெளுத்தது. விரைவில் சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அழியும். இந்தக் கடலுக்குச் சூடு மட்டுமே கேடல்ல. சாத்தூர் வழியாக ஓடிவரும் வைப்பாறு சிப்பிகுளம் பக்கம் கடலில் சேர்கிறது. நாம் அதில் போடும் பாலித்தீன் பையும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

● தேசியப் பூங்காத் தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. பிள்ளைகளுக்குக் கடலடியைக் காட்ட நினைப்பவர்கள் வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகுச் சுற்றுலாவை விசாரித்துவிட்டு, கடல் தெளிந்திருக்கும் மாதத்தில் கூட்டிப் போங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை இவை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. இராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ யாராவது அலமாரிக்கு அழகு என்று ஒரு பவளத் துண்டை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது கடலுக்குள் இருக்கவேண்டியது.